பக்கத்தில் இரண்டு இடம்

மாமியார் இறந்து ஓராண்டு முடிவதற்குள், அவருக்குப் பக்கத்தில் என்னைப் படுக்கவைப்பது என்று என் மனைவி முடிவு செய்துவிட்டாள். அவசரம் ஒன்றும் இல்லை, என் காலம் முடிந்த பிறகு போதும். ஆனால் இடத்தை இப்போதே பிடித்துவைக்க வேண்டுமாம்.

இந்தச் செய்தி ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நியூ ஜெர்ஸியில் எங்கள் வெஸ்ட் வின்ட்சர் வீட்டுச் சமையலறையில், மீன் பொரிந்துகொண்டிருந்தபோது எனக்கு வந்து சேர்ந்தது. அந்த மீனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மனைவி யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பெண். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தொடமாட்டாள், மீன் சாப்பிடுவாள். நான் சென்னையில் ஓர் இந்துக் குடும்பத்தில் வளர்ந்தவன். வெள்ளிக்கிழமை அன்று மீன்காரம்மா எங்கள் தெருவுக்குள் கூடையோடு வந்தாலே அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். மற்ற நாட்களில் எங்கள் இருவருக்கும் சாப்பாட்டில் தகராறே கிடையாது. வெள்ளிக்கிழமை மட்டும் அவளுடைய பக்தி என் தட்டில் மீனாக வந்து விழும். கடவுள் நம்பிக்கை இல்லாத நான், அதைக் கல்யாணமான காலத்திலிருந்து சற்றுக் குற்ற உணர்வோடுதான் தின்றுவருகிறேன். யாருக்கு எதிரான குற்றம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

“இஞ்சருங்கோ, சேமக்காலை ஒஃபிசில இருந்து கோல் வந்தது” என்றாள். சேமக்காலை என்பது அவர்கள் ஊரில் கல்லறைத் தோட்டத்துக்குப் பெயர். “அம்மாவின்ர பக்கத்தில ரெண்டு இடம் கிடக்காம். வேற ஒரு குடும்பம் கேக்கினமாம். ஈஸ்டருக்கு முன்னம் முடிவு சொல்லட்டாம்.”

“ரெண்டு யாருக்கு?”

“எனக்கும் உங்களுக்கும். வேற ஆருக்கு? பக்கத்து வீட்டுக்காரருக்கே?”

நான் தட்டில் இருந்த மீனைப் பார்த்தேன். எதிர்காலத்தில் எனக்கு நேரப்போவதை அது ஏற்கெனவே ஒரு விதத்தில் கடந்துவிட்டிருந்தது.

“எங்கள்ல எரிக்கிறதுதானேம்மா வழக்கம்?” என்றேன்.

“எங்கள்ல எண்டா ஆர்? உங்களுக்குத்தான் ஒரு சமயமும் இல்லையே. ஆஸ்பத்திரியில சமயம் கேட்டாக்கூட ‘நன்’, ஒண்டுமில்லை எண்டுதானே சொல்லுறனீங்கள்?”

உண்மைதான். கல்லூரிக் காலத்தில் நிறையப் படித்து, நிறையப் பேசி, கடவுளை ஒருவழியாகத் தீர்த்துவிட்டேன் என்று நம்பியவன் நான். புதுக் கார் வாங்கினால் கோயிலுக்கு ஓட்டிப்போய்ச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பேன், அது வேறு. அதைப் பண்பாடு என்று சொல்லிக்கொள்வேன். என் மனைவிக்கு இந்த வசதி இல்லை. அவள் நம்பினால் நம்பினாள். ஞாயிறு காலையில் அவள் பூசைக்குப் போவாள். நான் பேஸ்மென்டில் புத்தக அலமாரியைத் தூசி தட்டுவேன். திரும்பி வரும்போது எனக்கு டோநட் வாங்கி வருவாள். இத்தனை வருடமும் எங்கள் வீட்டு மத நல்லிணக்கம் இப்படி டோநட் வடிவத்தில் நன்றாகத்தான் நடந்துவந்தது.

இப்போது மட்டும் நான் ஏன் முரண்டு பிடித்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. அவள் கேட்டது நியாயமில்லாத விஷயமும் அல்ல. அவள் எதற்காகக் கேட்கிறாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அவளுடைய அப்பா, அவள் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். ஊரிலேயே, கடலோரமாக இருந்த சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள். பிறகு சண்டை வந்தது. ஊரையே காலி செய்யச் சொல்லி, சுற்றி வேலி போட்டு, ராணுவம் உள்ளே உட்கார்ந்துகொண்டது. இவர்கள் கொழும்பு போய், கனடா போய், கடைசியில் இங்கே வந்து சேர்ந்தார்கள். பல வருடங்களுக்குப் பிறகு, உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று அனுமதி வந்ததும் தாயும் மகளும் போனார்கள். நான் கூடப் போகவில்லை. வந்து சொன்னாள். சேமக்காலை இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல்லும் புதரும். சிலுவை ஒன்றும் மிஞ்சவில்லை. மாமியார் ஓரிடத்தில் நின்று “இதுதான்” என்றாராம். மெழுகுவத்தி ஏற்றிச் செபம் சொல்லிவிட்டு நாலடி நடந்தவர், “இல்லைப் பிள்ளை, இந்த இடம்போல கிடக்கு” என்று இன்னொன்று ஏற்றினாராம். பிறகு வேலியோரமாகப் போய் அங்கே ஒன்று. காற்று எல்லாவற்றையும் அணைத்துவிட்டதாம்.

அந்த அம்மா நியூ ஜெர்ஸியில் இறந்தபோது மகளிடம் கேட்டது ஒன்றுதான். பெயர் வெட்டிய கல். அது கிடைத்தது. மகளுக்கு இப்போது அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் தானும், தனக்குப் பக்கத்தில் நானும் இருக்க வேண்டும். யாரும் வந்து தேடும்படி ஆகக் கூடாது. அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட கோரிக்கைக்கு மறுப்புச் சொல்கிறவன் கல்நெஞ்சனாகத்தான் இருக்க வேண்டும். நான் மறுக்கவில்லை. “யோசிக்கலாம்” என்றேன். கல்யாணமானவர்களுக்குத் தெரியும், அது மறுப்பைவிட மோசம்.

யோசிக்கவும் செய்தேன். செத்த பிறகு ஒன்றுமே இல்லை என்பது என் கட்சி. ஒன்றுமே இல்லாதவனுக்கு மண் என்ன, நெருப்பு என்ன? ஆனால் கண்ணை மூடினால் ஜனவரி மாதம்தான் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டுத் தோட்டக் குழாய் வெடித்துப்போகும் அளவுக்குக் குளிர்கிற மண். அதற்குள் நான். மெட்ராஸ் வெயிலில் வளர்ந்த உடம்பு, ஸ்வெட்டர் கூட இல்லாமல். இது மத நம்பிக்கையா, தட்பவெப்பமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எங்கள் ஆபீஸ் பார்சிப்பனியில் இருக்கிறது. போக வர நேரம் நிறைய. காரில் இரண்டு பக்கமும் நானே வாதாடி, இரண்டு பக்கமும் நானே தோற்றேன்.

மகள் வசந்த விடுமுறைக்குக் கல்லூரியிலிருந்து வந்திருந்தாள். தமிழ் முழுக்கப் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். நாங்கள் பேசிக்கொள்வதை ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்துவைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தவள், “அப்பா, யூ டோன்ட் பிலீவ் இன் எனிதிங். ஸோ வொய் டூ யூ கேர்?” என்றாள்.

“அதான்மா எனக்கும் புரியல.”

“தென் ஜஸ்ட் சே யெஸ்.”

“எங்க பக்கத்து வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?”

“தட்ஸ் எ ரீசன்? தென், அத்தையைக் கேளுங்க” என்று அபூர்வமாக ஒரு முழுத் தமிழ்ச் சொற்றொடரை எனக்குத் தானம் செய்துவிட்டு, தயிர் டப்பாவோடு மாடிக்குப் போய்விட்டாள்.

அத்தை என்றால் என் அக்கா. தாம்பரத்தில் இருக்கிறாள். ஓய்வுபெற்றதிலிருந்து முழுநேர பக்தை. பஸ் பிடித்துக் கோயில் கோயிலாகப் போகிற ஒரு கோஷ்டிக்கு அவள்தான் தலைவி. அவள் கட்டாயம் அழுது ஆர்ப்பாட்டம் செய்வாள், “நம்ம குலத்துல யாரையாவது புதைச்சிருக்கோமாடா?” என்பாள், அதை அப்படியே மனைவியிடம் ஒப்பித்துவிட்டு, “நான் என்ன செய்ய, அக்கா மனசு நோகுமே” என்று தப்பித்துவிடலாம். இதுதான் திட்டம். ஞாயிறு காலை, மனைவி பூசைக்குப் போயிருந்த நேரத்தில் போன் போட்டேன். அங்கே சாயங்காலம்.

“அக்கா, நம்மள்ல செத்தா எரிக்கிறதுதானே வழக்கம்?”

“ஐயையோ, யாருக்குடா என்ன ஆச்சு?”

“யாருக்கும் ஒண்ணும் ஆகல. பொதுவா கேக்குறேன்.”

“விளக்கு வெக்கிற நேரத்துல பொதுவா கேக்குற கேள்வியாடா இது?” கொஞ்ச நேரம் திட்டினாள். பிறகு, “நம்ம பக்கம் புதைக்கிறதுதான்” என்றாள்.

“என்னது?”

“புதைக்கிறதுதான்டா. தாத்தா, பெரிய தாத்தா, சின்ன வயசுல போன அந்தப் பெரியப்பா, எல்லாரும் மண்ணுலதான். உக்கார வெச்சு விபூதி கொட்டிப் புதைப்பாங்க. உனக்குத் தெரியாதா?”

“அப்பாவை எரிச்சோமே?”

“அது மெட்ராஸ்ல. மின்மயானம் ரெண்டு தெரு தள்ளி இருந்துச்சு. அன்னிக்குன்னு பார்த்து மழை வேற கொட்டுது. சித்தப்பாதான், குழி எல்லாம் தோண்ட முடியாது, கரண்ட்டுல முடிச்சிடலாம், சீக்கிரம் ஆயிடும்னாரு. அப்புறம் அம்மாவையும் அங்கயே கொண்டுபோனோம். அதுவே பழகிடுச்சு.”

நான் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாரமாக எந்தப் பாரம்பரியத்துக்காக மனைவியோடு மல்லுக்கு நின்றேனோ, அது ஒரு சித்தப்பாவும் ஒரு மழை நாளும் சேர்ந்து செய்த ஏற்பாடாம். என் மூதாதையர் எல்லாரும் மாமியார் கட்சியில் இருந்தார்கள்.

சரி, வழக்கமே மண்தான் என்றால், என் ஆட்சேபம் இந்த இடத்தில் ஒழிந்திருக்க வேண்டும். ஒழியவில்லை. இதுதான் என்னை உண்மையிலேயே குழப்பியது. கடவுள் இல்லை, சமயம் இல்லை, இப்போது குல வழக்கமும் இல்லை. ஆனாலும் உள்ளே ஏதோ ஒன்று “மாட்டேன்” என்கிறது. அது என்ன, எங்கிருந்து பேசுகிறது, அதற்கு யார் ஓட்டுரிமை கொடுத்தது?

அக்கா விடவில்லை. “ஏன் கேக்குற, சொல்லு” என்றாள். சொன்னேன். அங்கே டிவியில் யாரோ நாமாவளி பாடிக்கொண்டிருந்தார்கள்.

“அவங்கம்மா பக்கத்துலயா?”

“ஆமா.”

“பாவம்டா அந்தப் பொண்ணு. கேக்குறதுல என்ன தப்பு? அவ அப்பா கதைதான் எனக்குத் தெரியுமே.” ஒரு பெருமூச்சு. “ஆனா எனக்குக் கொஞ்சம் வேணும்.”

“எது?”

“நீதான்டா. உன் சாம்பல். அம்மாவையும் அப்பாவையும் ராமேஸ்வரத்துலதான் கரைச்சோம். நான் போனா என் பையன் என்னையும் அங்கதான் கொண்டுபோவான். நீ மட்டும் தனியா அந்தப் பனியில கெடப்பியா? முழுசாப் புதைச்சிட்டா எனக்கு என்ன அனுப்புவா? எரிச்சு, கொஞ்சம் அனுப்பச் சொல்லு. ஒரு டப்பா போதும். நான் இருந்தா நான் கரைக்கிறேன், இல்லன்னா என் பையன் கரைப்பான்.”

குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. நான் சமாளிக்க ஏதோ தமாஷ் சொல்லப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. போனை வைத்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். உயிரோடு இருக்கும் என்னை இவ்வளவு பேர் பங்கு கேட்டதில்லை. மனைவி டோநட்டோடு உள்ளே வந்தபோது, அக்கா சொன்னதில் பாதியை மட்டும் சொன்னேன். புதைக்கிற பாதியை. அவள் முகம் மலர்ந்தது. மற்ற பாதியை டோநட்டோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை சேமக்காலைக்குப் போனோம். அலுவலகத்தில் ஓர் அம்மாள் இருந்தார்; எங்களைவிடச் சற்று மூத்தவர், மென்மையான குரல், சாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மிட்டாய்க் கிண்ணத்தை நம் பக்கம் நகர்த்துகிற பழக்கம். கத்தோலிக்கர் அல்லாத கணவர் தாராளமாக இங்கே இருக்கலாம் என்றார். எரித்தாலும் பரவாயில்லை, சாம்பலையும் அடக்கம் செய்யலாம் என்றார். இட நெருக்கடி என்றால் ஒரே குழியில் மேலும் கீழுமாக இருவரை வைக்கும் வசதியும் உண்டு என்று படம் காட்டினார். முதலில் போகிறவர் கீழே.

“வேண்டாம்” என்றாள் மனைவி என் காதருகே. “நீங்கள் மேல கிடந்து குறட்டை விட்டால் எனக்கு ஏலாது.”

அவள் மயக்க மருந்து டாக்டர். பகல் முழுக்க மனிதர்களைத் தூங்கவைத்து, தவறாமல் எழுப்பிவிடுகிறவள். தூக்கத்தைப் பற்றி அவளுக்குத் திட்டவட்டமான கருத்துகள் உண்டு.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, சாம்பலில் ஒரு சிறு பகுதியை மட்டும் வேறு ஊருக்கு அனுப்பலாமா என்று அந்த அம்மாளைக் கேட்டேன். யாரோ ஒரு நண்பருக்காகக் கேட்பதுபோலக் கேட்டேன். அவர் மிட்டாய்க் கிண்ணத்தை நகர்த்தினார். பிரிக்கக் கூடாது என்பது இங்கே விதி என்றார். கடலில் தூவுவதும் கூடாது. ஒரு மனிதர் முழுமையாக ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்று திருச்சபை விரும்புகிறது என்றார்.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “இடத்தைப் பாத்திட்டு வருவம்” என்று எழுந்தாள்.

நடந்தோம். வாத்துக்கூட்டம் ஒன்று புல்லெல்லாம் அசிங்கம் செய்துவைத்திருந்தது. மாமியாரின் கல் சுத்தமாக இருந்தது. மனைவி வாரந்தோறும் வந்து துடைக்கிறாள். பக்கத்தில் வெறும் புல், இரண்டு பேர் அகலத்துக்கு. அதைப் பார்த்ததும் ஏதாவது தோன்றும், தெளிவு பிறக்கும் என்று நினைத்திருந்தேன். பிறக்கவில்லை. நல்ல புல், கொஞ்சம் சரிவாக இருக்கிறது, மழைத் தண்ணீர் நிற்காது என்றுதான் தோன்றியது.

“இப்ப சொல்லுங்கோ” என்றாள். “ஆருக்கு அனுப்பக் கேட்டனீங்கள்?”

“அக்காவுக்குக் கொஞ்சம் வேணுமாம்.”

“என்னத்தில?”

“என்னில.”

ராமேஸ்வரம், அம்மா அப்பா, டப்பா, உடைந்த குரல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தாயின் கல்லைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் என்ன எதிர்பார்த்தேன் என்று இப்போது சொல்வது கஷ்டம். அழுவாள் என்றோ, அல்லது “அப்ப உங்கட அக்காவிட்டையே போங்கோ” என்பாள் என்றோ. இரண்டுக்குமே பதில் தயாரித்து வைத்திருந்தேன்.

அவள் தலையைத் திருப்பி அலுவலகத்தின் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒரு தேக்கரண்டி போனால் ஆருக்குத் தெரியப்போகுது?” என்றாள்.

“என்ன சொல்ற?”

“எரிச்சுப்போட்டு, ஒரு கரண்டி எடுத்து அக்காவுக்கு அனுப்பிவிடுவம். மிச்சத்தை இஞ்ச வைப்பம். தராசில நிறுத்தே பாக்கப் போகினம்?”

“அது தப்பில்லையா? இப்பதானே அந்தம்மா சொன்னாங்க.”

“தப்புத்தான். நான் பாவசங்கீர்த்தனம் செய்யிறன்.” பாதிரியாரிடம் போய்ச் செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிற ஏற்பாடு அது. இனிமேல் செய்யப்போகிற பாவத்துக்கு அது செல்லுமா என்று எனக்குச் சந்தேகம்.

“நீ முந்திப் போயிட்டா?”

“பிள்ளை அனுப்புவாள். அவளுக்குச் சொல்லிவைப்பம்.”

“இல்லம்மா, மனுஷன் முழுசா ஒரே இடத்துல இருக்கணும்னு அவங்க சொன்னதுல ஒரு நியாயம் இருக்கு. ரூல்னா ரூல்தானே?” என்றேன். சத்தியமாக நான்தான் சொன்னேன். என் குரலில், கொஞ்சம் கோபத்தோடுகூட.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கல்லறைத் தோட்டத்தில் சிரிக்கக் கூடாத அளவுக்குச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்து, ஜாக்கெட் கையால் துடைத்துக்கொண்டாள். “இவ்வளவு காலமும் பூசைக்கு வாங்கோ எண்டால் வராத மனுசன், இப்ப எனக்கு ஞானோபதேசம் படிப்பிக்கிறார். அம்மா, கேட்டுக்கொண்டு கிடக்கிறியளே?”

மாமியார் வழக்கம்போல எந்தப் பக்கமும் பேசவில்லை.

நான் அவமானத்தில் வாத்துகளைப் பார்த்தேன். நம்புகிறவள் விதியை மீறத் தயாராக இருக்கிறாள். நம்பாதவன் விதியைக் காப்பாற்றப் பார்க்கிறான். யார் எந்தச் சமயம் என்பதே குழம்பிப்போயிருந்தது. அவள் சிரிப்பு அடங்கியதும் என் கையைப் பிடித்து, “எரிச்சோ எரிக்காமலோ, கரண்டி போயோ போகாமலோ, அது உங்கட விருப்பம். இஞ்ச வருவியள் எண்டு மட்டும் சொல்லுங்கோ” என்றாள். “எனக்கு உங்களைத் தேடிக்கொண்டு திரிய ஏலாது.”

“சரி” என்றேன்.

“என்ன சரி?”

“வரேன்.”

உள்ளே ஜனவரி மண் அப்படியேதான் இருந்தது. அது மாறவே இல்லை. மாறாமலே சரி என்று சொல்ல முடிகிறது என்பதை அன்றுதான் பார்த்தேன். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று இன்றுவரை தெரியவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பி, தாய்க்குப் பக்கத்தில் அவள், அவளுக்கு அந்தப் பக்கம் நான் என்று சொன்னோம். அந்த அம்மாள் கம்ப்யூட்டரில் பதிந்துகொண்டே வந்தவர், என் மதம் என்ன என்று கேட்டார். வழக்கம்போல “நன்” என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. விதிக்காக இப்போதுதான் வாதாடிவிட்டு வந்தவன் எப்படிச் சொல்வது? மனைவியைப் பார்த்தேன். அவள் உதவவில்லை. மிட்டாய் ஒன்றை எடுத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. கடைசியில் அந்த அம்மாளே பெரிய மனது வைத்து, ‘இதர’ என்பதை அழுத்தினார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ரூட் ஒன் நெடுஞ்சாலையில் ஒரே நெரிசல். அவள் ஓட்டினாள். என் போனில் அக்காவின் செய்தி வந்து விழுந்தது: “கேட்டியாடா? என்ன சொன்னா?” நான் ஏதேதோ தட்டினேன். ‘கரண்டி’ என்று எழுதி அழித்தேன். ‘விதி’ என்று எழுதி அழித்தேன்.

“ஆர்?” என்றாள் சாலையிலிருந்து கண் எடுக்காமல்.

“அக்கா. நீ என்ன சொன்னேன்னு கேக்குறா.”

“ஓம் எண்டு எழுதுங்கோ.” அவர்கள் ஊரில் ஓம் என்றால் ஆமாம்.

“எதுக்கு ஓம்?”

“எல்லாத்துக்கும்தான்” என்றாள், லேன் மாறியபடி.

எழுதி அனுப்பினேன். எதற்கெல்லாம் சம்மதித்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. அக்கா கும்பிடும் கையும் ஓர் இதயமும் அனுப்பினாள்.